காணாமல்போன எட்டு எலக்ட்ரான்கள்

புதன்கிழமை, காலை 6.40.

காலி ரொட்டிக் கூடைகளைச் சோதித்துக்கொண்டிருந்த காவலர் பஷீர் ஐந்தாவது கூடையில் நின்றுவிட்டார். நீல நிறப் பிளாஸ்டிக் கூடை. அதன் கைப்பிடிக்கு உள்பக்கம் குழலாக இருந்தது. அந்தக் குழலுக்குள் சர்க்கரைப் பொட்டலத்தின் தாள் ஒன்று தீக்குச்சிப் பருமனுக்கு உருட்டிச் செருகப்பட்டிருந்தது.

பிரித்துப் பார்த்தார். யார் கையென்று தெரியாதபடி அச்சு எழுத்துப்போல் வரைந்த எறும்பு எழுத்து. மேலே ஐந்து வரி, கீழே எண்களும் அம்புக்குறியும். மருந்துச் சீட்டு என்று நினைத்துக்கொண்டு மேலிடத்தில் கொடுத்தார்.

அது பாக் தேர்வின் வேதியியல் கேள்வி. நாட்டின் ஏழு லட்சம் பிள்ளைகள் பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் தேர்வு அது. தொடங்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அல்ஜியர்ஸுக்கு மேலே, பைன் மரங்கள் அடர்ந்த மேட்டில் இருந்த அந்தப் பழைய விடுதிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கேள்வித்தாள் எழுதுகிறவர்கள், அச்சடிப்பவர்கள், சமைப்பவர்கள் என்று அறுபது பேர் இருபத்தாறு நாளாக அதற்குள் பூட்டப்பட்டிருந்தார்கள். கைபேசி இல்லை. சன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளை வர்ணம் அடித்திருந்தார்கள். ஒருமுறை உள்ளே வந்தவர், கடைசித் தேர்வு முடியும்வரை வெளியே போக முடியாது. மூன்றாம் நாள் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்க வந்த குழாய்க்காரர் தெரியாத்தனமாக அச்சறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவர் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார்.

பாதுகாப்புக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர் ஸுலீகாவுக்கும் அதே விதிதான். நான்கு நாளாக அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் வைத்தியரை உள்ளே அழைத்தால் அவரையும் பதினாலு நாள் அடைத்துவைக்க வேண்டும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து அடக்கிக்கொண்டிருந்தாள்.

காலை 7.05. இயக்குநர் தாஹரின் அறை.

"கேள்வி யாரோடது?" என்று கேட்டாள்.

"நஸீபா கெர்ஃபி. சத்தீஃப் ஊர்க்காரங்க. வேதியியல் பகுதி முழுக்க அவங்கதான்." தாஹர் முன்னாள் வரலாற்று ஆசிரியர். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "கேள்வியோட நின்னிருந்தா வேற யாரையாவது சந்தேகப்படலாம். விடையும் எழுதியிருக்கே, மேடம்!"

"விடைத்தாள் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. நாளைக்குத்தான் எழுதறதா இருந்தாங்க. கேள்வியைத் திருடலாம். எழுதாத விடையை எப்படித் திருடறது?"

ஸுலீகா சீட்டை மேசை விளக்கின் கீழே விரித்தாள். விடை ஒரே வரி.

2MnO₄⁻ + H₂O₂ + 6H⁺ → 2Mn²⁺ + 3O₂ + 4H₂O

"இது சரியா?"

"எனக்கென்ன தெரியும்? இந்தப் பக்கம் இருக்கற அணுவும் அந்தப் பக்கம் இருக்கற அணுவும் சமமா இருக்கணும்னு சின்ன வயசுல படிச்சது."

இருவரும் விரல்விட்டு எண்ணினார்கள். மாங்கனீஸ் இரண்டுக்கு இரண்டு. ஹைட்ரஜன் எட்டுக்கு எட்டு. ஆக்சிஜன் பத்துக்குப் பத்து. எழுத்துகளின் தலைக்கு மேலே போட்டிருந்த கூட்டல் கழித்தல் குறிகளையும் கூட்டிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நாலு.

"கச்சிதமா இருக்கு" என்றார் தாஹர், துக்க வீட்டில் பேசுகிற குரலில். "தெரிஞ்சவங்க எழுதினது."

கூடைகளை ஏற்றிப்போக வந்த வேன் ஓட்டுநரை வாசலிலேயே பிடித்து வைத்திருந்தார்கள். பெயர் சலீம் தர்ராஜி. அடுமனையில் ஐந்து வருடமாக வேலை. வாயைத் திறக்க மறுத்தார்.

சிவப்புத் தொலைபேசி அடித்தது. அந்த வீட்டின் ஒரே தொலைபேசி. தாஹர் எழுந்து நின்று பேசினார். வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிவு சொல்லணுமாம். ஆறு மணிக்கு அச்சு ஓடணும். இந்தத் தாளைக் கிழிச்சுட்டு மாற்றுத் தாளை எடுத்துக்கலாம். ஆனா மாற்றுத் தாளும் நஸீபா எழுதினதுதான். அவங்கதான் திருடின்னா ரெண்டையும் நம்ப முடியாது. தேர்வையே தள்ளிப்போடணும். நாடு முழுக்க."

"தள்ளிப்போட்டா நாம?"

தாஹர் வெள்ளை அடித்த சன்னலைப் பார்த்தார். உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

காலை 8.00.

கேள்வியின் முதல் அச்சுப்படி செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எடுக்கப்பட்டது. பன்னிரண்டு மணிக்கு இழைஇழையாக அறுக்கப்பட்டது. இடையில் அச்சறையில் இருந்தவர்கள் நான்கே பேர்: எழுதிய நஸீபா, தட்டச்சு செய்த ஹொசீன், இயற்பியல் பகுதிக்காரர் லக்தர், தன் கணிதத் தாளைத் திருத்தக் காத்திருந்த ரெஸ்கி.

முதலில் ஹொசீன். முப்பது வயது. நகத்தைக் கடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

"தட்டச்சு பண்ணினது நீ."

"நான்தான். ஆனா சத்தியமா ஒண்ணும் புரியாது மேடம். நான் இலக்கியப் பிரிவு. இந்த அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கணும்னுகூட நஸீபா மேடம்தான் சொல்லுவாங்க."

"நானும் இலக்கியப் பிரிவுதான். இயற்பியல் வேதியியல்ல இருபதுக்கு ஆறு."

"எனக்கு அஞ்சு" என்றான் ஹொசீன், சற்றே ஆறுதலாக.

8.40. லக்தர். ஓய்வுக்கு ஒரு வருடம் பாக்கி. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி தட்டில் சிந்தியது.

"எத்தனை வருஷமா இந்த நடுக்கம்?"

"நாலு வருஷம் மகளே. கரும்பலகையில நேர்க்கோடு போட்டா கடல் அலை மாதிரி வரும். பசங்க சிரிப்பாங்க."

"வேதியியலும் நடத்துவீங்களா?"

"ரெண்டும் ஒரே பாடம்தானே. நடத்தாம எப்படி? நஸீபாவைச் சந்தேகப்படுறியா?"

"எல்லாரையும்."

"அவ நாலு வயசுப் புள்ளையை விட்டுட்டு வந்திருக்கா. என்னை அடிச்சே கேட்டாலும் அவ பண்ணினான்னு சொல்ல மாட்டேன்."

9.20. ரெஸ்கி. பிஜாயாவில் முப்பது வருடமாகக் கணித ஆசிரியர். வெளுத்த தாடி, கணீர்க் குரல். இரண்டு வருடம் முன்பும் இதே வீட்டில் அடைபட்டவர் என்பதால் புதியவர்களுக்கு அவர்தான் தைரியம் சொல்வார்.

"உஸ்தாத்" என்று ஆசிரியருக்குரிய மரியாதையோடு தொடங்கினாள் ஸுலீகா. "செவ்வாய்க்கிழமை அச்சறையில எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"நாற்பது நிமிஷம். என் தாள்ல ஒரு வர்க்கமூலக் குறியைக் காணோம். அது வர்ற வரைக்கும் நின்னேன்."

"நஸீபாவோட தாள் கண்ணுல பட்டதா?"

"மேசையில கெடந்தா படாமலா போகும்? ஆனா யோசிச்சுப் பாரும்மா. எனக்குத் திருடற புத்தி இருந்தா என் தாளையே திருடலாம். கேள்வி, விடை எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு. சொந்த வீட்டுல விருந்து இருக்க, பக்கத்து வீட்டுல போய் எச்சில் பொறுக்குவேனா?"

ஸுலீகா அவருடைய கோப்பைப் புரட்டினாள். உறுதிமொழிப் படிவத்தில் 'தேர்வு எழுதும் பிள்ளை, உடன்பிறந்தார் பிள்ளை' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. கீழே: மனைவி ஃபரீதா, திருமணம் ஆறு வருடம் முன்பு.

"பிள்ளைங்க?"

"எனக்கு ஆண்டவன் குடுக்கல."

"நஸீபா எப்படிப்பட்டவங்க?"

"நல்ல பொண்ணு. ஆனா கேள்வி கொடூரமா எழுதறா. கணக்குல பதினெட்டு வாங்கற புள்ள ரசாயனத்துல நாலு வாங்கி மூலையில உக்காந்து அழுவுது. அந்தப் பாடத்துக்கு ஒரு தர்க்கமே கிடையாது. எல்லாத்துக்கும் ஒரு விதிவிலக்கு."

"எந்தப் புள்ள?"

"ஊர்ல எத்தனையோ புள்ளைங்க" என்றபடி எழுந்தார் ரெஸ்கி. "பல்லுக்கு உப்புத் தண்ணி கொப்புளிங்க."

10.15. பதினாலாம் எண் அறை.

கதவில் புதுப் பூட்டு தொங்கியது. நஸீபா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது. இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே இறுக்கி வைத்திருந்தாள்.

"தினமும் காலையில ஆறு மணிக்குச் சமையல்கட்டு முற்றத்துக்குப் போறீங்க. ரொட்டிக் கூடைங்க அங்கதான் இருக்கும். அங்க என்ன வேலை?"

"வானம் பார்க்க."

"என்ன?"

"இந்த வீட்ல வானம் தெரியற இடம் அது ஒண்ணுதான். ஒரு கட்டில் அகலத்துக்குத் தெரியும். எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னாடி போயி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துட்டு வருவேன். இல்லன்னா மூச்சு முட்டுது."

"யாராவது பார்த்தாங்களா?"

"பார்த்ததாலதானே பூட்டு போட்டீங்க." அவள் கதவின் பக்கம் பார்த்தாள். "எத்தனை வருஷம் போடுவாங்க? அஞ்சா, பத்தா? என் பையனுக்கு நான் எங்க போனேன்னே சொல்லல. வேலைக்குப் போயிருக்கேன், பொம்மை வாங்கிட்டு வருவேன்னு சொல்லிட்டு வந்தேன்."

ஸுலீகா கதவைச் சாத்தினாள். பூட்டினாள். பூட்டும் சத்தம் அவளுக்கே பல்லில் பட்டது.

பிற்பகல் 12.50. சாப்பாட்டுக் கூடம்.

மூடி வைத்த வீட்டில் செய்திக்குக் கால் தேவையில்லை. அவரைக் குழம்பும் வறுத்த மத்தி மீனும் பரிமாறி முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நஸீபாவின் காலி நாற்காலிக்கு இருபுறமும் இருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்திருந்தார்கள்.

"அமைதியா இருந்தாளே, அப்பவே நெனச்சேன்" என்றாள் புவியியல் தாள் எழுதும் பெண்மணி.

"நேத்துவரைக்கும் அவகிட்டதானே தலைவலி மாத்திரை கடன் வாங்கின?" என்றார் லக்தர்.

"அதுக்காக?"

"தேர்வைத் தள்ளிப்போட்டா நமக்கு இன்னும் ரெண்டு மாசமாம்" என்றான் அச்சறைக்காரன் ஒருவன்.

கரண்டியோடு நின்ற குழாய்க்காரர் பெருமூச்சு விட்டார். "ரெண்டு மாசமா! மோட்டார் ரிப்பேருக்குப் போனவன் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு என் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிட்டிருப்பா."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ரெஸ்கி தட்டையே பார்த்துக்கொண்டு ரொட்டியைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை.

1.40.

ஸுலீகா வரிசை எண் போட்ட வெற்றுத்தாள் ஒன்றோடு பதினாலாம் அறைக்குத் திரும்பினாள். சீட்டை அவள் நஸீபாவிடம் காட்டியிருக்கவில்லை. குற்றம்சாட்டப்பட்டவரிடம் தடயத்தைக் காட்டக் கூடாது என்பது விதி.

"எனக்கு ஒரு பாடம் நடத்துங்க" என்றாள்.

"என்னது?"

"உங்க கேள்விக்கு விடை. முதல்லேருந்து. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்குங்க. அது உண்மையும்கூட."

நஸீபா அவளைச் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு பென்சிலை வாங்கிக்கொண்டாள். பென்சில் கைக்கு வந்ததும் குரல் வகுப்பறைக் குரலாக மாறியது.

"பெர்மாங்கனேட். ஊதா நிறம். ஹைட்ரஜன் பெராக்சைடு. நிறம் கிடையாது. ரெண்டையும் அமிலத்துல கலந்தா ஊதா மறைஞ்சு போகும், குமிழி வரும். என்ன நடக்குது? ஒருத்தர் எலக்ட்ரான் குடுக்கறார், இன்னொருத்தர் வாங்கறார். குடுக்கறது ஆக்சிஜனேற்றம், வாங்கறது ஒடுக்கம். அவ்வளவுதான்."

"அணுவை எண்ண வேண்டாமா?"

"அது கடைசியில. முதல்ல, யார் எவ்வளவு குடுத்தா, யார் எவ்வளவு வாங்கினா. மாங்கனீஸோட ஆக்சிஜனேற்ற எண் இங்க ஏழு. முடிவுல ரெண்டு. அதனால ஒவ்வொண்ணும் அஞ்சு எலக்ட்ரான் வாங்குது. பெராக்சைடு ஒவ்வொண்ணும் ரெண்டுதான் குடுக்கும். அஞ்சும் ரெண்டும் எங்க சந்திக்கும்?"

"பத்துல."

"அப்போ பெர்மாங்கனேட் ரெண்டு, பெராக்சைடு அஞ்சு. இந்த ரெண்டு எண்ணையும் போட்டுட்டா மத்ததெல்லாம் தானா வந்து உக்காந்துடும்." மளமளவென்று எழுதினாள்.

2MnO₄⁻ + 5H₂O₂ + 6H⁺ → 2Mn²⁺ + 5O₂ + 8H₂O

ஸுலீகா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்வலி மறந்துபோயிருந்தது.

"பெராக்சைடு அஞ்சா? ஒண்ணு வரக் கூடாதா?"

"வராது."

"ஒண்ணு போட்டு, ஆக்சிஜன் மூணு, தண்ணி நாலுன்னு எழுதினா?"

நஸீபா எழுதிப் பார்த்தாள். எண்ணினாள். புருவம் சுருங்கியது. "அட. அணு எல்லாம் சரியா நிக்குது. மின்சுமையும் நிக்குது."

"அப்போ சரிதானே?"

"இல்லவே இல்லை! மாங்கனீஸ் ரெண்டும் சேர்ந்து பத்து எலக்ட்ரான் வாங்குது. ஒரே ஒரு பெராக்சைடு குடுக்கறது ரெண்டு. மிச்சம் எட்டு எங்கேருந்து வந்துச்சு? தண்ணிதான் குடுக்கணும். இந்தக் கலவையில தண்ணி எலக்ட்ரான் குடுக்காது." நிமிர்ந்தாள். "யார் இப்படி எழுதினது? எந்த வேதியியல் டீச்சரும் எழுத மாட்டாங்களே. முதல் படியிலேயே மாட்டிக்கிட்டிருப்பாங்க."

"தப்பா இருக்கற ஒண்ணு எப்படி இவ்வளவு அழகாப் பொருந்துது?"

"தெரியாத எண் ஆறு இருக்கு. அணுவும் மின்சுமையும் சேர்ந்து நாலு நிபந்தனைதான் தருது. நாலை வெச்சு ஆறைக் கட்டிப்போட முடியாது. எலக்ட்ரான் கணக்குதான் மிச்சத்தைக் கட்டிப்போடும். அதை விட்டுட்டா, பொருந்தற மாதிரி எத்தனை விடை வேணும்னாலும் வரும்."

ஸுலீகா எழுந்தாள். "இதே மாதிரி ஏமாத்தற இன்னொரு கேள்வி தர முடியுமா? உங்க தாள் எதுலயும் இல்லாதது."

"டைகுரோமேட்டும் பெராக்சைடும்" என்றாள் நஸீபா உடனே. பிறகுதான் கேட்டாள், "சீட்டுல அப்படித்தான் எழுதியிருந்ததா?"

ஸுலீகா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வெளியே வந்தபோது பூட்டைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

2.30. லக்தரைத் தனியாக உட்காரவைத்து நஸீபாவின் கேள்விக்கே விடை கேட்டாள். நடுங்கும் எழுத்தில் இரண்டு, ஐந்து, ஆறு என்று வந்தது.

2.45. சிவப்புத் தொலைபேசியில் வெளியே இருந்த சக அதிகாரியிடம் ஒரு முகவரியைச் சொன்னாள். "இந்த வீட்டு விலாசத்துல யாராவது இந்த வருஷம் பாக் எழுதறாங்களான்னு பாரு. பேரை வெச்சுத் தேடாதே. விலாசத்தை வெச்சுத் தேடு."

3.30. நூலக அறை.

நான்கு பேர், நான்கு மேசை. தாஹர் கதவருகே நின்றார்.

ஸுலீகா சுற்றிவளைக்கவில்லை. "காலையில பிடிபட்ட சீட்டுல இருந்த விடை தப்பு. எழுதினவங்களுக்குச் சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரியல. அதனால இது பரீட்சை. ஆளுக்கு ஒரு தாள், ஒரே கேள்வி. சரியாப் போடறவங்க மேல எனக்குச் சந்தேகம் இல்ல, அவங்க உடனே வெளிய போலாம்." ஒரு கணம் நிறுத்தினாள். "வெளியன்னா முற்றம் வரைக்கும்."

"நான்தான் சொன்னேனே மேடம், எனக்குத் தெரியாதுன்னு" என்றான் ஹொசீன் அழாக்குறையாக.

"தெரிஞ்சவரைக்கும் போடு."

தாளில் இருந்தது, அமிலத்தில் டைகுரோமேட்டும் பெராக்சைடும். எண்களுக்குப் பதில் வெற்றிடம்.

லக்தர் முனகிக்கொண்டே எழுதினார். நஸீபா ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்தாள். ஹொசீன் தலையைச் சொறிந்தான். ரெஸ்கி நிதானமாக எழுதினார். முடித்ததும் மறுபடி மேலிருந்து கீழே சரிபார்த்தார். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு சிறு சரிக்குறி. மின்சுமைக்கு ஒன்று. முகத்தில் காலையிலிருந்து இல்லாத தெளிவு வந்திருந்தது.

"ரசாயனத்துல எனக்கு அனுபவம் போதாது" என்றபடி தாளை நீட்டினார். "ஆனா சமன்பாடு எங்க இருந்தாலும் சமன்பாடுதானே."

4.05. காவலர் பஷீர் உள்ளே வந்து ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். ஸுலீகா படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள்.

பிறகு நான்கு விடைகளையும் நீண்ட மேசையில் வரிசையாக வைத்தாள்.

"லக்தர் உஸ்தாத், பெராக்சைடு மூணு. நஸீபா, மூணு. ஹொசீன் பதினொண்ணு போட்டிருக்கான், ஆக்சிஜன் எந்தப் பக்கமும் சேரல. ரெஸ்கி உஸ்தாத், ஒண்ணு."

"எண்ணிப் பாருங்க" என்றார் ரெஸ்கி. "எல்லாம் சரியா இருக்கும்."

"இருக்கு. குரோமியம் ரெண்டு, ஆக்சிஜன் ஒம்பது, ஹைட்ரஜன் பத்து, மின்சுமை ஆறு. காலையில அந்தச் சீட்டை நானும் இயக்குநரும் இப்படித்தான் எண்ணினோம். எல்லாம் சரியா இருந்ததால, தெரிஞ்சவங்க எழுதினதுன்னு முடிவு பண்ணி ஒரு அப்பாவியை ஏழு மணி நேரம் பூட்டி வெச்சுட்டோம். நாங்க பார்க்காம விட்டது எலக்ட்ரானை. டைகுரோமேட் ஆறு வாங்கும். ஒரு பெராக்சைடு ரெண்டுதான் குடுக்கும். நாலு குறையுது. சீட்டுல எட்டு குறைஞ்சது."

ரெஸ்கியின் தாடி அசைந்தது. அவர் தன் தாளை இழுத்து மறுபடி பார்த்தார்.

"தெரியாதவன் போட்டா ஹொசீன் மாதிரி வரும், ஒண்ணும் பொருந்தாது. தெரிஞ்சவங்க போட்டா எல்லாம் பொருந்தும். எல்லாம் பொருந்தி, எலக்ட்ரான் மட்டும் பொருந்தாத விடை ஒரே மாதிரி ஆள்கிட்டேருந்துதான் வரும். வேதிப்பொருளைப் பார்க்காம வெறும் எண்ணைப் பார்க்கறவர். தெரியாத எண் ஆறு, சமன்பாடு நாலு. அதைத் தீர்த்துட்டு, மிச்சம் இருக்கற இடத்துல இருக்கறதுலயே சின்ன முழு எண்ணைப் போடறவர். சீட்டுலயும் பெராக்சைடு ஒண்ணு. உங்க தாள்லயும் ஒண்ணு."

"இது ஒரு தடயமா?" ரெஸ்கி எழுந்துவிட்டார். "எனக்கு ரசாயனம் தெரியலங்கறது குற்றமா? என் தாளை விட்டுட்டு இந்தத் தாளை நான் ஏன் திருடணும், சொல்லுங்க!"

"அதைத்தான் காலையிலேருந்து யோசிச்சேன். கணக்குத் தாள் வெளிய போனா முதல் சந்தேகம் உங்க மேல விழும். அதுவுமில்லாம அந்தப் பொண்ணுக்குக் கணக்குத் தாள் தேவையே இல்ல. கணக்குல பதினெட்டு வாங்கறா. நீங்களே சொல்லிக் குடுத்தீங்க. அவ தோத்தது ரசாயனத்துல. ரெண்டு தடவை."

கதவருகே நின்ற தாஹர் ஓரடி முன்னே வந்தார்.

ஸுலீகா பையிலிருந்து துண்டுத் தாளை எடுத்தாள். "நிஹாத் தர்ராஜி. பத்தொம்பது வயசு. மூணாவது முறை எழுதறா. விலாசம் உங்க வீடு. உங்க மனைவி ஃபரீதாவோட முதல் கணவர் இறந்துட்டார், அவரோட பொண்ணு. படிவத்துல பிள்ளைன்னுதான் கேட்டிருந்தாங்க, மனைவியோட பிள்ளைன்னு கேட்கல. நீங்களும் எழுதல. வேன் ஓட்டற சலீம் தர்ராஜி அவளோட சித்தப்பா. ரொட்டி எங்கேருந்து வருது, கூடை எப்படிப் போகுதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே இங்க இருந்து பார்த்தவர் நீங்க."

ரெஸ்கி மெதுவாக உட்கார்ந்தார். முப்பது வருடம் கரும்பலகை முன் நின்ற மனிதர், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசை விளிம்பைத் தடவினார்.

"போன வருஷம் முடிவு வந்த அன்னிக்கு" என்றார், யாரையும் பார்க்காமல், "மாடியில ஏறி நின்னுட்டா. நானும் அவ அம்மாவும் ஒரு மணி நேரம் கெஞ்சி இறக்கினோம். அவளுக்கு எதுவும் தெரியாது. அவ சித்தப்பன் பழைய கேள்வின்னு சொல்லிக் குடுக்கறதா இருந்தது. அவளை ஒண்ணும் செய்யாதீங்க."

நஸீபா எழுந்து அவர் மேசை முன் வந்து நின்றாள்.

"பூட்டு போட்டாங்களே, உஸ்தாத். அப்ப எங்க இருந்தீங்க?"

"எதிர் அறையில."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

4.50. தாஹர் சிவப்புத் தொலைபேசியை எடுத்தார். மாற்றுத் தாள் சுத்தம், அதை எழுதியவர் நிரபராதி, தேர்வு சொன்ன நாளில் நடக்கும். வைத்துவிட்டு நஸீபாவின் முன் வந்து தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்க வந்தவர் அதைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

"ரெஸ்கியை எப்போ கொண்டுபோறீங்க?" என்று ஸுலீகாவிடம் கேட்டார்.

"எங்க கொண்டுபோறது? எல்லாத் தாளையும் பார்த்தவர் அவர். கடைசித் தேர்வு முடியற வரைக்கும் சிறைக்குக்கூடப் போக முடியாது. இங்கதான் இருக்கணும். நம்மகூட."

6.10.

கீழே அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. தரை மெல்ல அதிர்ந்தது. ரெஸ்கியின் அறைக் கதவு திறந்திருக்க, பஷீர் வெளியே பூட்டோடு காத்திருந்தார். இரவுச் சாப்பாட்டுத் தட்டை யார் கொண்டுபோவதென்று சமையல்கட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டபோது, நஸீபா அதை வாங்கிக்கொண்டு வந்தாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

தட்டைக் கட்டில் மேல் வைத்தாள்.

"நிஹாத்தை எழுத விடுவாங்களா?" என்றார் அவர்.

"சீட்டு அவ கைக்குப் போகலன்னு இன்ஸ்பெக்டர் எழுதிட்டாங்க. எழுத விடுவாங்க."

ரெஸ்கி தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாற்றுத் தாள்ல... இந்த எலக்ட்ரான் சமாசாரம் இருக்கா?"

நஸீபா அவரையே பார்த்தாள். அந்த முகத்தில் சூது எதுவும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதா என்று கேட்கும் தகப்பனின் முகம்தான் இருந்தது.

"அதைச் சொன்னா எனக்கும் பக்கத்துல ஒரு அறை தயார் பண்ணணும்" என்றாள். "சாப்பிடுங்க. ஆறிடும்."

வெளியே வந்தாள். பஷீர் பூட்டைப் போட்டார். அவள் நேராகச் சமையல்கட்டு முற்றத்துக்குப் போனாள். குழாய்க்காரர் எழுந்து தன் முக்காலியை அவளிடம் நகர்த்திவிட்டு உருளைக்கிழங்குக் கூடையோடு உள்ளே போனார். கட்டில் அகல வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அன்று காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவள் அங்கே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.